கட் கேட்டா, வேறு வழியா? அக்டோபர் கடைசியில் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைச் சைக்கிள் பயணம்

இருசக்கரம்:

வணக்கம் எல்லாருக்கும். அக்டோபர் கடைசியில், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிற வாரம், நாங்கள் நாலு பேர் இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் ஹோப் வேலிப் பக்கம் மூன்று நாள் தங்கப் போகிறோம். மூன்று பேருக்கு மலைப்பாதை பழக்கம் உண்டு. நாலாவது ஆள் என் தங்கை. சரே பக்கத்துக் காட்டுப் பாதைகளில் நன்றாக ஓட்டுவாள், ஆனால் மூர் என்கிற மரமே இல்லாத திறந்த மேட்டில் ஓட்டியது கிடையாது. நாலும் ஹார்ட்டெயில் வண்டிகள், அதாவது முன்சக்கரத்துக்கு மட்டும் சஸ்பென்ஷன்.

கட் கேட் என்ற மூர்ப்பாதை பற்றிப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். லாங்செட்டில் தொடங்கி மூரைத் தாண்டி டெர்வென்ட் பள்ளத்தாக்கில் இறங்கி, அதே வழியில் திரும்புவதை முதல் நாளுக்கு வைத்திருக்கிறேன். ஒரு செயலியில் மற்றவர்கள் அதிகம் ஓட்டிய தடங்கள் பளிச்சென்று தெரியுமே, அதைப் பார்த்து இன்னும் இரண்டு வழி வரைந்திருக்கிறேன். ஒன்று கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டின் விளிம்பை ஒட்டியே போகிறது. இது சரியாக வருமா? மழை பிடித்தால் மாற்று என்ன?

வழித்துணை:

கிண்டர் விளிம்பு வழியை இப்போதே அழித்துவிடுங்கள். அது நடப்பவர்களுக்கான பாதை. செயலியில் பளிச்சென்று தெரிகிறது என்றால் சிலர் அங்கே ஓட்டியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். ஓட்ட உரிமை இருக்கிறதா என்பதை அது சொல்லாது. கிண்டரில் ஓடுகிறவர்களின் கடிகாரப் பதிவுகளும் நிறைய உண்டு, சில செயலிகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து காட்டிவிடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சைக்கிளுக்கு உரிமை உள்ளவை பிரைடில்வே (நடப்பவருக்கும் குதிரைக்குமான பாதை), ரெஸ்ட்ரிக்டட் பைவே (மோட்டார் இல்லாத வண்டிகளும் போகலாம்), எல்லா வாகனங்களுக்கும் திறந்த பைவே ஆகியவை. பிரைடில்வேயில் ஓட்டும் உரிமை 1968ஆம் ஆண்டு கன்ட்ரிசைடு சட்டத்தில் வந்தது. அதிலேயே ஒரு நிபந்தனையும் இருக்கிறது: நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். 2000ஆம் ஆண்டுச் சட்டம் மூர்களைத் திறந்துவிட்டதே என்று பலர் கேட்பார்கள். அது திறந்துவிட்டது காலால் நடப்பவர்களுக்கு. திறந்த மூர் என்பதற்காக நாம் நினைத்த இடத்தில் சக்கரத்தை இறக்க முடியாது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்பாக நடந்துகொண்டால் சைக்கிளும் பெரும்பாலான நிலத்தில் போகலாம். அங்கே பழகியவர்கள் எல்லையைத் தாண்டித் தெற்கே வரும்போது இதைத்தான் முதலில் மனதில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஓ.எஸ். (ஆர்ட்னன்ஸ் சர்வே) நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில், அதாவது 1:25,000 அளவில், பச்சை நிற நீளக் கோட்டுத் துண்டுகள் பிரைடில்வே, குட்டித் துண்டுகள் நடைபாதை. அவர்களின் இன்னொரு வகையான லேண்ட்ரேஞ்சர் வரைபடத்தில் இதே அடையாளம் சிவப்பு சாய்ந்த நிறத்தில் வரும். உங்களுக்கு வேண்டியது ஓ.எல்.1 என்ற எண்ணுள்ள எக்ஸ்ப்ளோரர், பீக்கின் வடபகுதியான டார்க் பீக்குக்கு உரியது. கைப்பேசியில் இருந்தாலும் காகிதத்திலும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் விரித்து நாலு பேரும் குனிந்து பார்க்கும்போது பிடிபடுகிற விஷயங்கள் ஆறு அங்குலத் திரையில் பிடிபடாது.

கரும்பாறை:

வழித்துணை அக்கா சொன்னது சட்டம். நான் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஷெஃபீல்டில் இருக்கிறேன், கட் கேட் என் வீட்டுப் பக்கத்துப் பாதை மாதிரி. அது பிரைடில்வேதான், உரிமையில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் அக்டோபர் கடைசியில், அதுவும் ஒரு வாரம் மழை பெய்திருந்தால், அதை விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்வேன்.

காரணம் பீட். டார்க் பீக்கில் மேலே போர்வை போலப் படிந்திருக்கும் கறுப்பு மண் அது. அழுகாமல் சேர்ந்த பாசியும் புல்லும்தான் பீட் ஆகிறது. நல்ல நிலையில் இருந்தால் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். அப்படியென்றால் ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம் வருடம். நம் டயர் ஒரு ஈர நாளில் அதில் அரை அடி பள்ளம் போட்டுவிடும். அப்புறம் மழைத்தண்ணீர் அந்தப் பள்ளத்தை வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். பின்னால் வருகிறவர் சேற்றைத் தவிர்க்கிறேன் என்று பக்கத்து ஹெதர் புதரில் ஏற்றுவார், அவருக்குப் பின்னால் வருகிறவர் இன்னும் கொஞ்சம் தள்ளி. ஒரு மீட்டர் அகலமாக இருந்த தடம் இப்படித்தான் சாலை அகலத்துக்கு வந்துவிடுகிறது.

மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைப் புகை பல தலைமுறையாக இந்த மேட்டில் படிந்து, பீட்டை உருவாக்குகிற ஸ்ஃபாக்னம் பாசியைக் கொன்றிருக்கிறது. 2003 முதல் மூர்ஸ் ஃபார் த ஃபியூச்சர் என்ற கூட்டமைப்பு நீரோடைப் பள்ளங்களை அடைத்து, பாசிக் கன்றுகளை ஒவ்வொன்றாக நட்டு அதை மீட்டெடுத்து வருகிறது. முழங்கால் சேற்றில் நின்று அந்தக் கன்றுகளை நடுகிறவர்களைப் பார்த்தால், அந்த மண்மேல் சக்கரம் வைக்கவே மனசு வராது.

பள்ளத்தாக்கு:

கரும்பாறை, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் கட் கேட் இப்போது முன்பு மாதிரி இல்லை. மலைப்பாதைகளைச் சரிசெய்ய 2018இல் நடந்த மெண்ட் அவர் மவுன்டன்ஸ் நிதி திரட்டலில் சேர்ந்த பாதைகளில் அதுவும் ஒன்று. மலைச் சைக்கிள்காரர்களும் பணம் கொடுத்திருக்கிறோம், நடப்பவர்களும் கொடுத்திருக்கிறார்கள். மிக மோசமாக இருந்த சேற்றுப் பகுதியைக் கல் போட்டுச் சரிசெய்தார்கள். சட்டப்படி திறந்திருக்கிற பாதையை வருடத்தில் பாதி நாள் நாமே மூடிக்கொண்டால், நாளைக்கு உரிமை கேட்கும்போது “உங்களுக்கு எதற்கு?” என்றுதான் கேட்பார்கள். இங்கிலாந்தில் உள்ள பொதுப் பாதைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் நமக்குத் திறந்திருக்கிறது. இருக்கிறதையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

எனக்கு அது இங்கிலாந்திலேயே மிக அழகான மூர்ப்பாதை. மிக்கிள்டன் எட்ஜில் ஒரு பக்கம் சரிவு விழ, ஒற்றைத் தடத்தில் ஏறிக்கொண்டே போவது, அப்புறம் மேட்டைத் தாண்டிக் கிரான்பெரி கிளஃபில் கல்லும் திருப்பமுமாக இறங்குவது, கீழே ஓடையைக் கடந்து ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் பாலம். அந்தப் பாலமே ஒரு கதை. லேடிபவர் நீர்த்தேக்கத்துக்காக டெர்வென்ட் கிராமத்தை மூழ்கடிக்கும் முன் பொதிக்குதிரைப் பாலத்தைக் கல் கல்லாகப் பிரித்து வைத்து, 1959இல் இங்கே மேலே கொண்டுவந்து மறுபடி கட்டினார்கள். இதைப் பார்க்காமல் திரும்புங்கள் என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

கரும்பாறை:

பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மே, ஜூனில் இரண்டு வாரம் வெயிலடித்த பின் வாருங்கள், அல்லது ஜனவரியில் தரை கல்லாக உறைந்த நாளில் வாருங்கள். அப்போது நானே கூட வருகிறேன். சரிசெய்தது ஒரு பகுதியைத்தான், மீதி மேடு அப்படியே பீட். உரிமை இருக்கிறது என்பதும் இன்றைக்குத் தரை தாங்கும் என்பதும் வேறு வேறு விஷயம். அப்புறம், கல் போட்டுக்கொண்டே போனால் அந்தப் பாதையில் என்ன மிஞ்சும்? ரஷப் எட்ஜில் 2014இல் பழைய பாறைப் படிகளின்மேல் ஜல்லி கொட்டி நிரவியபோது எவ்வளவு பேர் வருத்தப்பட்டார்கள் என்று உங்களுக்கும் தெரியும். மண் கிழிய விட்டால் அடுத்து வருவது அந்த ஜல்லி லாரிதான்.

பள்ளத்தாக்கு:

அந்த ஜல்லி விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். சரி, இப்படி வைத்துக்கொள்ளலாம். முந்தைய பத்து நாள் காய்ந்திருந்தால் கட் கேட். இல்லையென்றால் பின்னால் வேறொரு பருவத்தில். ஆனால் அக்டோபர் என்பதற்காக மட்டும் கூடாது என்று ஒரு விதி போட வேண்டாம்.

டேல்ஸ்வாசி:

ஓம், அதுதான் நியாயமான பேச்சு. நான் லீட்ஸில் இருக்கிறேன், யோர்க்‌ஷயர் டேல்ஸ் பக்கம்தான் கூடுதலாக ஓடுவது. தம்பி இருசக்கரம், வழியைத் தேர்ந்தெடுக்கிறபோது கீழே என்ன பாறை என்று பாருங்கோ. நான் வேறு எதைப் பார்ப்பதற்கு முதலும் அதைத்தான் பார்க்கிறது.

சுண்ணாம்புக்கல் என்றால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். மழை விட்டு அரை நாளில் புல் காய்ந்து கிடக்கும். மால்ஹம் பக்கத்து மாஸ்டைல்ஸ் லேன் அப்படி. ஃபவுண்டன்ஸ் மடத்துத் துறவிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிய வழி, பல இடத்தில் இரண்டு பக்கமும் கல் மதில். குளிர்காலத்திலும் ஓடலாம். ஆனால் நனைந்த சுண்ணாம்புக்கல் வழுக்கும், அதுவும் பலர் மிதித்துப் பளபளப்பான கல் சோப்பு மாதிரி. பிரேக்கைக் கல்லின்மேல் பிடிக்காமல் அதற்கு முதலே பிடித்துவிட வேண்டும். மணற்கல்லும் அதன் மேலே பீட்டும் என்றால் கதை தலைகீழ். பாறை பிடிக்கும், மண் விழுங்கும்.

மூன்றாவது வகை, மனிதர் போட்ட தரை. ஸ்வேல்டேலில் ஈயச் சுரங்கம் தோண்டிய காலத்துப் பாதைகள் இருக்கின்றன. ரீத்திலிருந்து சரெண்டர் பிரிட்ஜ், அங்கிருந்து ஓல்ட் கேங் உருக்காலை இடிபாட்டைத் தாண்டி மேலே ஏறினால், மூர் உச்சியில்கூடச் சுரங்கக் கழிவுக் கல்தான் தரை. சாம்பல் நிறத்தில், புல்லே முளைக்காமல், சந்திர மண்டலம் மாதிரிக் கிடக்கும். ஹெதர் பூத்த ஊதா மேடு சுற்றிவர இருக்க, நடுவிலே இந்தச் சாம்பல். பிறகு கன்னர்சைடு கில் என்ற ஓடைப் பள்ளத்துக்குள் இறக்கம். எவ்வளவு மழை பெய்தாலும் அந்தத் தரை கெடாது, ஏனென்றால் கெடுவதற்கு அங்கே மண்ணே இல்லை. ஈயக் கழிவு கலந்த இடம் என்பதால் அந்த ஓடைத் தண்ணீரைப் போத்தலில் நிரப்ப வேண்டாம்.

நோர்த் யோர்க் மூர்ஸிலும் இப்படி ஒன்று இருக்கிறது. ரோஸ்டேலைச் சுற்றி இரும்புத்தாது ஏற்றிய ரயில் 1861 முதல் 1929 வரை ஓடியது. தண்டவாளம் போய்விட்டது, அது கிடந்த மேடை அப்படியே இருக்கிறது. பள்ளத்தாக்கின் தலைமாட்டைச் சுற்றிக் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போகும். உங்கள் தங்கைச்சிக்கு மூர் எப்படி இருக்கும் என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. திறந்த வெளி, பெரிய வானம், காற்று எல்லாம் இருக்கும், கால்தான் நோகாது.

இருசக்கரம்:

எல்லாருக்கும் நன்றி. பாறையைப் பார்ப்பது என்ற யோசனை எனக்கு வந்ததே இல்லை. நான் தூரமும் ஏற்றமும் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்டர் வழியை நீக்கிவிட்டேன். ஸ்வேல்டேல் இந்த முறை தூரம், வசந்தத்துக்கு வைத்துக்கொள்கிறேன். ஹோப் வேலியில் இருந்துகொண்டே, மழை பெய்தாலும் மண்ணைக் கெடுக்காமல் ஓட்ட ஒரு நல்ல வட்டம் சொல்ல முடியுமா? நாள் முழுக்க ஓட்ட வேண்டும், ஆனால் தங்கை பயந்துவிடக் கூடாது.

கரும்பாறை:

தாராளமாக. பாம்ஃபோர்டிலிருந்து தார்ன்ஹில் டிரெயில் வழியாக லேடிபவர் அணை. அங்கிருந்து நீர்த்தேக்கத்தை ஒட்டியே ஃபேர்ஹோம்ஸ் வரை, உடம்பு சூடாக இதுவே போதும். அப்புறம் மரங்களுக்கு நடுவே லாக்கர்புரூக் மேட்டுக்கு ஏற்றம். இது கடினமான ஏற்றம், தள்ளிக்கொண்டு போவதில் தவறே இல்லை. மேலே வந்ததும் ஹேக் ஃபார்ம் பக்கம் இறக்கம், ஏ57 சாலையைக் கடந்து ஆஷப் ஆறு, மறுபடி ஏற்றம், ஹோப் கிராஸ்.

ஹோப் கிராஸில் நின்று பாருங்கள். ஆள் உயரத்துக்கும் மேலான சதுரக் கல்தூண், 1737 என்று வருடம் வெட்டியிருக்கும். நாலு முகத்திலும் ஊர்ப் பெயர்கள்: ஹோப், எடேல், கிளாசப், ஷெஃபீல்டு. பொதிக்குதிரைக்காரர்களுக்கு வழி சொன்ன கல், எழுத்து இன்றும் விரலுக்குத் தட்டுப்படும். அங்கிருந்து இரண்டு தேர்வு. நேராகப் பழைய ரோமானியச் சாலையில் ஹோப் கிராமத்துக்கு இறங்கலாம், தரை முழுக்கக் கல், எந்த மழைக்கும் தாங்கும். கால் இன்னும் கேட்டால் வலப்பக்கம் ஜேகர்ஸ் கிளஃப் இறங்கி ஏறி எடேல் போகலாம். நாளின் நடுவில் இப்படி ஒரு முடிவெடுக்கும் இடம் வருகிற வழிதான் கலவையான குழுவுக்கு நல்லது. காலையிலேயே எல்லாரையும் ஒரே வட்டத்தில் பூட்டிவிட்டால், நாலு மணிக்குச் சோர்ந்துபோன ஒருவரை இழுத்துக்கொண்டு போக வேண்டி வரும்.

ஜேக்கப்ஸ் லேடர் என்ற கல்பாதை பற்றிக் கேட்பீர்கள். எடேல் கிராஸிலிருந்து எடேல் பக்கம் இறங்குகிற திசைதான் சரியான திசை. மற்றப் பக்கமாகப் போனால் பாதி நேரம் வண்டி உங்கள்மேல் இருக்கும். ஆனால் பெரிய கற்கள், உடைந்த படிகள். தங்கைக்கு முதல் நாளில் வேண்டாம்.

வழித்துணை:

திசை பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. எக்ஸ்ப்ளோரரில் மலைப்பகுதியில் உயரக் கோடுகள் 10 மீட்டர் இடைவெளியில் வரும். பச்சைக் கோடு உயரக் கோடுகளைக் குறுக்கே வெட்டுகிற இடத்தில் எத்தனை கோடு நெருங்கி நிற்கிறது என்று எண்ணுங்கள். அரை கிலோமீட்டரில் பத்துக் கோடு என்றால் நூறு மீட்டர் உயரம், ஐந்துக்கு ஒன்று சரிவு. கல்தரையில் அது பெரும்பாலானவர்களுக்குத் தள்ளும் சரிவு. அந்தப் பக்கத்தை இறக்கமாக வைத்து, ஏற்றத்தைக் கோடுகள் விலகி நிற்கிற பக்கமோ, தார் சாலையோ பார்த்து வையுங்கள். மூரில் நல்ல வட்டம் என்றால் பெரும்பாலும் சாலையில் ஏறிப் பாதையில் இறங்குவதுதான்.

நேரக் கணக்குக்கு, நடப்பவர்கள் மணிக்கு 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி கூடுதல் என்று போடுவார்கள். 1892இல் நேஸ்மித் சொன்ன கணக்கு. மூரில் சைக்கிளுக்கு நான் தட்டையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வைத்து, ஏற்றத்துக்கு அதே ஒரு மணியைக் கூட்டிக்கொள்வேன். கேட் திறந்து மூடுவது, டயர் பஞ்சர், சாப்பாடு எல்லாம் தனி. அந்த வாரம் கடிகாரம் மாறியபின் மாலை ஐந்தாவதற்குள் சூரியன் மறைந்துவிடும். காலை ஒன்பதுக்கு மேல் கிளம்பினால் எடேல் நீட்டிப்பை மறந்துவிடுங்கள்.

டேல்ஸ்வாசி:

காற்றையும் சேருங்கோ. மரமில்லாத மேட்டில் எதிர்க்காற்று ஒரு மலைக்குச் சமம். காலையில் காற்றை எதிர்த்துப் போய், களைத்தபின் காற்று முதுகில் தள்ள வருகிற மாதிரி வட்டத்தைத் திருப்பினால் நாள் மாறிவிடும். எம்.டபிள்யூ.ஐ.எஸ். மலை வானிலை அறிக்கையில் டேல்ஸுக்கும் பீக்குக்கும் பக்கம் இருக்கிறது. உயரத்தில் காற்று எப்படி, ஆள் நிற்க முடியுமா என்றெல்லாம் எழுதுவார்கள். கீழே கிராமத்து வானிலையை நம்பி மேலே ஏறக் கூடாது. 500 மீட்டர் ஏறினால் மூன்று பாகை குறையும், அதன் மேல் காற்று.

பள்ளத்தாக்கு:

டிசம்பர் 10 வரை குரூஸ் பறவை வேட்டைக் காலம். வேட்டை நாளில் பிரைடில்வேயை மூட முடியாது, ஆனால் துப்பாக்கி வரிசை தெரிந்தால் நின்று, அங்கிருப்பவர் கையைக் காட்டிய பின் போவது நல்லது. மற்றொன்று, மூரில் வேட்டைக்காகப் போட்ட ஜல்லி வண்டிப்பாதைகள் கண்ணுக்கு அற்புதமாக இருக்கும். வரைபடத்தில் பச்சைக் கோடு இல்லையென்றால் அவை நமக்கில்லை.

அவசரம் என்றால் 999, முதலில் போலீஸ் கேட்டு, பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ. பள்ளங்களில் சிக்னல் கிடைக்காது. 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியை ‘ரெஜிஸ்டர்’ என்று அனுப்பி முன்பே பதிவு செய்து வைத்தால், பேச முடியாத இடத்திலும் செய்தி போக வாய்ப்புண்டு. நாலு பேரும் வீட்டிலிருக்கும்போதே செய்துவிடுங்கள்.

இருசக்கரம்:

செய்துவிட்டோம், நாலு பேரும். திட்டம் இப்போது இப்படி: முதல் நாள் பாம்ஃபோர்டு வட்டம், ஹோப் கிராஸில் நின்று முடிவு. இரண்டாம் நாள் தங்கையும் இன்னொருவரும் பழைய ரயில்பாதையான மான்சல் டிரெயிலின் சுரங்கங்களைப் பார்க்கப் போகிறார்கள், நாங்கள் இருவர் எடேல் கிராஸ், ஜேக்கப்ஸ் லேடர். மூன்றாம் நாள் காலியாக வைத்திருக்கிறேன். முந்தைய பத்து நாள் காய்ந்திருந்தால் மட்டும் கட் கேட், இல்லையென்றால் கோடைக்கு. ஒரே சந்தேகம், எடேலுக்கு ரயிலில் வண்டி ஏற்ற முடியுமா?

கரும்பாறை:

ஹோப் வேலி ரயில் பாம்ஃபோர்டு, ஹோப், எடேல் மூன்றிலும் நிற்கும். சாதாரணமாக ஒரு ரயிலில் இரண்டு சைக்கிள்தான், முதலில் வருபவருக்கே இடம். நீங்கள் இருவர் என்பதால் சரியாக வரும், ஆனால் சனி ஞாயிறில் அடுத்த ரயிலுக்கு நிற்கத் தயாராக இருங்கள். ஹேக் ஃபார்மில் ஏ57ஐக் கடக்கும்போது கவனம், மோட்டார் பைக்குகள் அந்தச் சாலையில் மிக வேகமாக வரும். இறக்கத்தின் வேகத்தோடு சாலைக்குள் போய்விடாமல், கேட்டில் நாலு பேரும் சேர்ந்த பிறகு கடங்கள். மூன்றாம் நாளுக்கு முந்தைய மாலை இங்கே எழுதுங்கள். அன்று நான் லாங்செட் பக்கம் போய் மேட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.